கனநாள் இராது: குட்டி இளவரசனும் எங்கள் பிள்ளைகளின் சொற்களும்

எங்கள் வீட்டில் ‘குட்டி இளவரசன்’ இரண்டு மொழிகளில் இருக்கிறது. பிரெஞ்சுப் பிரதி மகளுடையது. நாலாம் வகுப்புப் புத்தகப் பைக்குள் சாப்பாட்டுப் பெட்டியோடு இடிபட்டு மூலைகள் சுருண்டு போனது. தமிழ்ப் பிரதி என்னுடையது. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்க்க, 1981இல் க்ரியா முதலில் வெளியிட்ட நூல். என்னிடம் உள்ளது பிந்திய பதிப்பு. அசோகமித்திரனுக்கும் சுந்தர ராமசாமிக்கும் நடுவில் பல வருடம் அசையாமல் நின்றது. சிறுவர் புத்தகம் ஒன்றுக்கு அந்தத் தட்டில் என்ன வேலை என்று நான் யோசித்ததே இல்லை. நான் போய்வந்த மற்றத் தமிழ் வீடுகளிலும் அது அப்படியான இடத்தில்தான் இருந்தது. தமிழில் அந்தக் கதை பிள்ளைகளைத் தாண்டி நேரே இலக்கிய வாசகரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கடந்த குளிர்காலத்தில் இரண்டு பிரதிகளையும் ஒரே மேசையில் வைத்து, இரவுக்கு ஒரு அத்தியாயமாக வாசித்தோம். ஒழுங்கு இதுதான்: முதலில் மகள் பிரெஞ்சில் சத்தமாக வாசிப்பாள். பிறகு தமிழ்ப் புத்தகத்தைத் திறக்காமல், முக்கியமான சொற்களுக்கு எங்களுக்குத் தெரிந்த தமிழைத் தேடுவோம். அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பாளர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த நடுக் கட்டத்தைப் பற்றியது.

அத்தியாயம் 15. குட்டி இளவரசன் ஆறாவது கிரகத்துக்கு வருகிறான். அங்கே ஒரு புவியியலாளர். மலைகளையும் ஆறுகளையும் பதிவுசெய்பவர். தன்னுடைய பூவைப் பற்றி அவன் சொன்னதும், பூக்களைப் பதிவதில்லை, அவை ‘எஃபெமேர்’ என்கிறார். அதற்கு என்ன பொருள் என்று அவன் கேட்கிறான். அவர் வேறு எதையோ சொல்கிறார். அவன் திரும்பவும் கேட்கிறான். ஒரு கேள்வியைப் பிடித்தால் விடாத பிள்ளை அவன். மகளும் அப்படித்தான்.

“எஃபெமேர் எண்டா தமிழில என்னப்பா?”

என் வாயில் வந்தது ‘நிலையற்ற’. அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. “நிலை எண்டா நிக்கிறதா?” என்றாள். நான் ‘அழியக்கூடிய’ என்று அடுத்ததைத் தொடங்கினேன். சோபாவில் இருந்து மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்த மாமி தலை நிமிராமல், “கனநாள் இராது எண்டு சொல்லுங்கோவன் தம்பி” என்றார்.

மகள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்ப அந்த ரோசா செத்துப் போயிடுமோ?” என்றாள்.

கதையில் குட்டி இளவரசனுக்கும் சரியாக அந்த இடத்தில்தான் அது உறைக்கிறது. உலகத்துக்கு எதிராக நாலு முள்ளை மட்டும் வைத்திருக்கும் ஒரு பூவைத் தனியே விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று முதல் தடவையாக வருந்துகிறான். ஒரு சொல்லின் பொருள் தெரிந்த கணத்தில் கதை திரும்புகிறது. சொல் தெரியாதிருந்தால் வருத்தமும் இல்லை. பிள்ளைகளுக்குச் சொல் கற்பிப்பதைப் பற்றி நான் படித்த எந்த ஆய்வும் இதைவிடத் தெளிவாக எனக்கு எதையும் சொல்லவில்லை.

மாமி செய்தது வெறும் எளிமைப்படுத்தல் இல்லை. பேச்சுத் தமிழ் பல அருவமான கருத்துக்களை ஒரு சொல்லாக வைத்திருப்பதில்லை, ஒரு முழு வாக்கியமாக வைத்திருக்கிறது. ‘கனநாள் இராது’, ‘மனம் கேக்குதில்லை’, ‘வேணுமெண்டு செய்யேல்லை’. எழுத்துத் தமிழ் அதே கருத்துக்களை மடித்துப் பெயராகவும் பெயரடையாகவும் ஆக்கிவைத்திருக்கிறது: நிலையாமை, குற்றவுணர்வு, தற்செயல். மொன்றியலில் வளரும் எங்கள் பிள்ளைகளிடம் கருத்து இருக்கிறது, அதற்கான பேச்சு வாக்கியமும் பாதி இருக்கிறது. மடித்து வைத்த வடிவம்தான் இல்லை. அந்த வடிவம் அவர்களுக்குப் பிரெஞ்சில் கிடைத்துவிடுகிறது. ஆகவே, ‘பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் தெரியாது’ என்று நாங்கள் சொல்லும்போது பெரும்பாலும் தவறாகச் சொல்கிறோம். அவளுக்கு அது வாக்கியமாகத் தெரியும்.

இசபெல் பெக்கும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்ட சொல்வளம் பற்றிய நூலில் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். முதலடுக்கு வீட்டுப் பேச்சில் தானாக வருவது. மூன்றாவது ஒரு துறைக்கே உரிய சொற்கள். நடுவில் இருப்பவைதான் கற்பிக்க வேண்டியவை: எந்தத் துறை எழுத்திலும் வரும், ஆனால் பேச்சில் அரிதாகவே வரும் சொற்கள். ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்ட பிரிப்பு இது. தமிழுக்குக் கொண்டுவந்தால் இன்னும் கூர்மையாகிறது. ஏனென்றால் எங்கள் நடு அடுக்கு முழுவதும் எழுத்துத் தமிழ்தான். தயங்கினான், வியந்தாள், எனினும், உணர்ந்தான், பொருட்படுத்தவில்லை.

வார இறுதித் தமிழ் வகுப்பொன்றில் இரண்டு வருடம் தொண்டராக உதவி செய்திருக்கிறேன். எங்களுடைய சொற்பட்டியல்களில் இந்த நடு அடுக்கு இல்லவே இல்லை. பழங்கள், பறவைகள், உறவுமுறைகள், உடலுறுப்புகள். பிள்ளைகள் நாவற்பழம், ஈச்சம்பழம், விளாம்பழம் என்று வரிசையாக ஒப்புவிப்பார்கள். அவற்றில் ஒன்றையும் அவர்கள் கண்ணால் கண்டதில்லை. ‘அவன் தயங்கினான்’ என்று ஒரு கதையில் வந்தால் நின்றுவிடுவார்கள். பட்டியலைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஊரை இழந்தவர்கள் ஊரின் பெயர்ச்சொற்களைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அது விளங்குகிறது. ஆனால் வினைச்சொல் இல்லாமல் ஒரு பக்கத்தைக்கூட வாசிக்க முடியாது.

ஒரு தமிழ்ப் பக்கம் இவர்களுக்கு ஏன் இவ்வளவு பாரமாக இருக்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தொழிலில் தமிழ் எழுத்துக்களைக் கணினிக்கு வெட்டிக் கொடுக்கும் வேலை ஒருமுறை வந்தது. ‘வா’ என்ற ஒரு சொல்லை வைத்து எத்தனை வடிவம் உண்டாகும் என்று நிரல் எழுதத் தொடங்கி, கடைசியில் கைவிட்டேன். வந்துகொண்டிருந்தவர்களுக்கும் என்பது எழுத்தில் ஒரே சொல். பிள்ளைக்கு ‘வா’ தெரியும், ‘வந்தவை’ தெரியும், ஆனால் இந்த நீண்ட தொடர்வண்டிக்குள் அது இருப்பது தெரியாது. துணையில்லாமல் ஒரு பிரதியை விளங்கி வாசிக்க, அதன் சொற்களில் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று இரண்டாம் மொழி வாசிப்பைப் பற்றிய ஆய்வு சொல்கிறது. 100 சொல்லுக்கு 2 தடுமாற்றம். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு வரியிலேயே இரண்டு தடுமாற்றம். இதில் அரைவாசி, தெரிந்த சொல்லைத் தெரியாத உடையில் காண்பதால் வருவது.

(உடை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. குட்டி இளவரசனின் சிறுகோளைக் கண்டுபிடித்த துருக்கிய வானியலாளரை அவருடைய உடை காரணமாக ஒருவரும் நம்பவில்லை. ஐரோப்பிய உடையில் வந்து அதையே சொன்னபோது எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று கதையில் வரும். அந்தப் பகுதியை மட்டும் மகளுக்கு நான் விளக்க வேண்டி வரவில்லை.)

இந்த இடத்தில்தான் அத்தியாயம் பிரித்து எழுதிய கதைப் புத்தகம் உதவிக்கு வருகிறது. தனிக் கதைகளின் தொகுப்பில் ஒவ்வொரு கதையும் புதிய ஆட்கள், புதிய இடம், புதிய சொற்கள். ஒருமுறை பார்த்த சொல்லைத் திரும்பப் பார்க்க வாய்ப்பில்லை. 1999இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வாசிக்கும்போது எதிர்ப்படும் 100 புதிய சொற்களில் சுமார் 15தான் தாமாக மனதில் தங்குகின்றன என்று கண்டார்கள். மிச்சத்துக்குத் திரும்பத் திரும்பச் சந்திப்பு வேண்டும். நீண்ட கதையில் அதே ஆட்கள் அதே உலகத்தில் உலாவுவதால் சொற்களும் கூடவே உலாவுகின்றன.

‘குட்டி இளவரசன்’ இதை எவ்வளவு நுட்பமாகச் செய்கிறது என்பதை மகளோடு வாசிக்கும்வரை நான் கவனிக்கவில்லை. மொத்தம் 27 அத்தியாயம். சில ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். 10இலிருந்து 15 வரை ஆறு சிறுகோள்கள்: அரசன், தற்பெருமைக்காரன், குடிகாரன், வியாபாரி, விளக்கேற்றுபவன், புவியியலாளர். ஒவ்வொரு வருகைக்கும் ஒரே எலும்புக்கூடு. முதல் நாலு வருகைகளின் முடிவிலும் பெரியவர்களைப் பற்றி அவன் ஒரே முடிவுக்குத்தான் வருகிறான், ஆனால் ஒவ்வொரு முறையும் சொல் ஒரு படி ஏறுகிறது. முதலில் சாதாரண வியப்பு, பிறகு கொஞ்சம் கூட, பிறகு இன்னும் கூட, கடைசியில் நம்பவே முடியாதது. கதை வேகத்தில் வாசிக்கும் பெரியவர் கண்ணில் இது படாது. பிள்ளை கண்டுபிடித்துவிடும், அடுத்த படிக்காகக் காத்திருக்கும்.

தமிழில் அந்த நாலு படிக்கும் சொல் தேடிய இரவு நல்ல இரவு. மகளிடம் இருந்தது ஒன்றுதான்: ‘ஒரு மாதிரி’. எங்கள் பேச்சில் அது எல்லாவற்றுக்கும் போதும். ஒரு மாதிரி ஆள், ஒரு மாதிரி மணம், எனக்கு ஒரு மாதிரி இருக்கு. அதற்கு மேல் புதுமை, வினோதம், விசித்திரம், விந்தை, அதிசயம் என்று நான் அடுக்க, எது எதற்கு மேலே என்று பெரிய சண்டை. விசித்திரம் பயம் கலந்தது, விந்தை சந்தோசம் கலந்தது என்று மாமி ஒரு வேறுபாடு சொன்னார். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை எடுத்துப் பார்த்தோம். அதே பதிப்பகம் 1992இல் முதலில் கொண்டுவந்த, இப்போது இலங்கை வழக்குச் சொற்களும் சேர்ந்துள்ள அகராதி. எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் அகராதி என்பதால் பிள்ளைகளோடு பயன்படுத்தலாம். ஆனால் மாமியின் வேறுபாட்டைத்தான் மகள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறாள்.

இந்தக் கதை இன்னொரு காரியமும் செய்கிறது. பொருள் கேட்பதை வெட்கப்படாத செயலாக்குகிறது. 11ஆம் அத்தியாயத்தில் தற்பெருமைக்காரனிடம் ‘மெச்சுவது’ என்றால் என்ன என்று கேட்கிறான். 15இல் ‘எஃபெமேர்’. 21இல் நரியிடம் இரண்டு சொல்லுக்குப் பொருள் கேட்கிறான், அதில் ஒன்றை நரி சொல்லும்வரை விடுவதில்லை. கேட்கப்படும் சொல் எதுவும் அலங்காரத்துக்காக வந்ததல்ல. ஒவ்வொன்றும் அவனுக்கும் பூவுக்கும் உள்ள உறவைத் தொடுகிறது. எங்கள் சிறுவர் நூல்களில் அத்தியாய முடிவில் ‘அருஞ்சொற்பொருள்’ என்று ஒரு பெட்டி போடுகிறோமே, அதையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டி, உனக்குத் தெரியாது என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. இங்கே கதாநாயகனுக்கே தெரியாது.

இதை எழுதியவருக்கும் எங்கள் ஊருக்கும் சிறு தொடர்பும் உண்டு. அந்த்வான் து செந்த்-எக்சுபெரி 1942 வசந்தத்தில் விரிவுரைக்காக மொன்றியல் வந்தார். அமெரிக்கா திரும்புவதில் விசாச் சிக்கல் ஏற்பட்டுச் சில வாரங்கள் கியூபெக்கிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் நியூயோர்க்கில் புத்தகம் வெளிவந்தது. விசாவுக்காகக் காத்திருந்த மனிதர் என்றதும் எங்கள் வீட்டில் அவருக்கு மதிப்புக் கூடிவிட்டது.

கியூபெக்கில் வளரும் பிள்ளைக்குப் பிரெஞ்சில் இப்படியான புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. 1978இல் மொன்றியலில் தொடங்கிய லா கூர்த் எஷெல் பதிப்பகம், படப் புத்தகத்தை விட்டு நாவலுக்கு இன்னும் போகாத வயதுக்கென்றே ‘முதல் நாவல்’ என்று ஒரு வரிசை நடத்தியது. சுமார் 64 பக்கம், சிறு அத்தியாயங்கள், நடுவில் சித்திரங்கள். 101ஆம் சட்டம் 1977இல் வந்த பிறகு பிரெஞ்சுப் பள்ளிக்குப் போன குடிவரவாளர் பிள்ளைகள் அத்தகைய புத்தகங்களில்தான் கால் ஊன்றினார்கள். தமிழில் அந்தப் படி உடைந்து கிடக்கிறது. படப் புத்தகங்கள் இப்போது நன்றாக வருகின்றன. துளிகா செய்கிறது, பிரதம் தன் நூல்களை நாலு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதற்கு மேலே ஏற வேண்டிய எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அடுத்த படி எங்கே?

எங்கள் காலத்தில் அந்தப் படியைச் சஞ்சிகைகள் தந்தன. வாண்டுமாமாவின் தொடர்கள், கோகுலம், பூந்தளிர், அம்புலிமாமா. தொடரில் ஒரு அத்தியாயத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு மாதக் காத்திருப்பு. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் மரத்தில் ஏறுவதும் வேதாளம் பேசத் தொடங்குவதும் மாதாமாதம் ஒரே வாசகத்தில்தான் வரும். எனக்கு அந்த வாசகத்தின் பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாது, மனப்பாடமாகத் தெரியும். பொருள் பல வருடம் கழித்து ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பிறகு சஞ்சிகையும் வரவில்லை, தாளும் வரவில்லை. பத்திரிகையையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்த வருடங்கள் அவை.

அந்த வருடங்கள் 14ஆம் அத்தியாயத்தில் கைகொடுத்தன. விளக்கேற்றுபவனின் கிரகம் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதனால் அவன் ஓயாமல் விளக்கை ஏற்றுவதும் அணைப்பதுமாக இருக்கிறான். மகள் ஒரு சொல்லும் தடக்காமல் வாசித்து முடித்தாள். பிறகு, “ஏன் அவன் சும்மா எரிய விடேல்லை?” என்றாள். சொற்கள் எல்லாம் தெரியும், கதை விளங்கவில்லை. விளக்கு ஒன்றை ஏற்றுவதும் எண்ணெய்க்காக அணைப்பதும் அவள் வாழ்க்கையில் நடந்ததே இல்லை. இங்கே விளக்கு தானே எரிகிறது, தானே அணைகிறது.

நான் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொன்னேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் தங்கம். போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரி போட்டு அதில் படித்தோம். படித்து முடித்ததும் உடனே அணைக்க வேண்டும். அணைத்த பிறகு ஏதாவது நினைவுக்கு வந்தால் திரும்ப ஏற்றக் கேட்கப் பயம். மகள் அந்த அத்தியாயத்தைத் திருப்பி வாசித்தாள், இந்த முறை மெதுவாக. 1988இல் அமெரிக்காவில் நடந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு: பேஸ்போல் ஆட்டம் பற்றிய பத்தியைக் கொடுத்தபோது, ஆட்டம் தெரிந்த பலவீனமான வாசகர்கள், ஆட்டம் தெரியாத கெட்டிக்கார வாசகர்களைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்கள். சொல்லுக்கு வெளியே இருக்கும் உலகம் தெரிய வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைகளில் இல்லாமல் போவது பெரும்பாலும் அந்த உலகம்தான், அதைச் சொற்பட்டியல் தராது.

நூலின் மீது மகளுக்குக் குறைகளும் உண்டு. இவ்வளவு பெரிய அண்டத்தில் பெண் என்று இருப்பது ஒரு பூ மட்டும், அதுவும் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது என்றாள். அவளுக்குக் கோபம், எனக்கும் சரியென்றே பட்டது. ஒரு தமிழ்ப் பிள்ளையின் முதல் நீண்ட வாசிப்பு பிரெஞ்சுக் கதையாக இருக்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்பதும் நியாயம். அண்மைக் காலத்தில் தமிழிலேயே நல்ல சிறார் நாவல்கள் வந்திருக்கின்றன. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ 2023இல் சாகித்திய அகாதமியின் பால புரஸ்கார் பெற்றது. 2020இல் அதே பரிசு பெற்றது யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. பிந்தியது பாலியல் சீண்டலைப் பற்றிப் பிள்ளைகளுக்கே எழுதப்பட்ட கதை. சொல்வளம் என்பதை மதிப்பெண் விசயமாக நினைக்கும் பெற்றோருக்கு அதைத்தான் முதலில் கொடுப்பேன். தனக்கு நடந்ததைச் சொல்லச் சொல் இல்லாத பிள்ளை எவ்வளவு தனியாக இருக்கும் என்பது அதை வாசித்தால் தெரியும். எங்கள் வீடுகளில் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் பிரெஞ்சில் மட்டும் இருந்தால், அம்மம்மாவிடம் எப்படிச் சொல்லும்?

ஆனாலும் இந்த வயதில், இந்த ஊரில் ‘குட்டி இளவரசன்’ எங்களுக்குப் பொருந்தியது. பாதிக் கதை அவளுக்கு முன்பே தெரியும் என்பதால் தமிழில் விளங்காத சொல் பயமுறுத்தவில்லை. நேரடி மொழிபெயர்ப்பு என்பதால் இரண்டு புத்தகத்தையும் அருகருகே விரிக்கலாம். தலைப்பையே பாருங்கள். ‘சிறிய’ என்று போட்டிருந்தால் அகராதிக்குச் சரி. ‘குட்டி’ என்றதும் அது வீட்டுச் சொல் ஆகிவிட்டது. பூனைக்கும் ஆட்டுக்கும் கடைசிப் பிள்ளைக்கும் நாங்கள் சொல்வது. ஒரு பிள்ளைக்குத் தெரிந்த சொல்லோடு கதவைத் திறந்து, உள்ளே தெரியாத சொற்களுக்கு அழைத்துப்போகும் தலைப்பு அது. க்ரியாவின் அச்சும் அமைப்பும் அழகுதான், ஆனால் பெரியவர் கண்ணுக்கானது. இதே மொழிபெயர்ப்பைப் பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே இடம் விட்டு, நீண்ட சொற்களைப் பிள்ளை மூச்சுவிடும்படி பிரித்துப் போட்டு ஒருவர் பதிப்பித்தால், ரொறன்ரோவிலும் பாரிசிலும் வாங்க ஆளிருக்கும். பாரிசில் நிச்சயமாக.

21ஆம் அத்தியாயத்துக்கு வந்தபோது பனி கரையத் தொடங்கியிருந்தது. நரி சொல்லும் சொல் ‘அப்ரிவுவாஸே’. காட்டு விலங்கை வசப்படுத்துவது என்பதுதான் அதன் வழக்கமான பொருள். நரி அதைப் பிணைப்பு உண்டாக்குவது என்று விளக்குகிறது. வசப்படுத்துவது என்றேன். பேய்க்கதை மாதிரி இருக்கிறது என்றாள் மகள். மாமி கத்தியைக் கீழே வைத்தார். அளவெட்டியில் தங்கள் வீட்டுக்கு ஒரு நாம்பன் கன்று வந்ததையும், ஒருவரையும் கிட்ட அண்டாததையும், தான் நாள்தோறும் ஒரே நேரத்தில் தவிட்டு வாளியோடு போய்ச் சும்மா நின்றதையும் சொன்னார். பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ அது வந்து கையை நக்கியதாம். “பழக்கி எடுக்கிறது எண்டு சொல்லுவம்,” என்றார்.

“அதுக்குப் பிறகு அந்தக் கண்டு?” என்றாள் மகள்.

“இடம்பெயரேக்குள்ள அவிட்டு விட்டிட்டு வந்தனாங்கள்.”

மகள் தமிழ்ப் பிரதியைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘பழக்கி எடுக்கிறது’ என்று எழுதினாள். ‘ழ’வை ஒருமுறை அழித்துத் திரும்ப எழுதினாள். அந்தப் புத்தகம் இப்போது அசோகமித்திரனுக்குப் பக்கத்தில் இல்லை. அவளுடைய மேசையில் இருக்கிறது.